அமுக்க அறையின் சமூக வரலாறு: கொற்கைத் துறையிலிருந்து இறக்கக்கண்டி வரை

1

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் பெயர்களையும் கண்டுபிடிப்புகள் நிகழ்ந்த ஆண்டுகளையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு மருத்துவக் கருவி எந்த உற்பத்தி முறையின் தேவையிலிருந்து தோன்றியது, முதன்முதலில் யாருடைய உடலில் அது பரீட்சிக்கப்பட்டது, பின்னர் யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்னும் வினாக்கள் அத்தகைய வரலாறுகளில் எழுவது அரிது. விஞ்ஞானம் சமூகத்துக்குப் புறம்பாக, மேதைகளின் மூளையில் மாத்திரம் வளர்வதாகக் கொள்ளும் கருத்துமுதல்வாத நோக்கே இதற்கு அடிப்படையாகும். உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சை என இன்று வழங்கும் மருத்துவ முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு மேற்கூறிய வினாக்களை எழுப்ப இக்கட்டுரை முற்படுகின்றது.

இம்முறை அண்மைக் காலத்தில் கவனத்தை ஈர்த்தமைக்கு ஒரு குடல்நோயும் காரணமாகும். பெருங்குடற் புண்ணழற்சி என்பது பெருங்குடலின் உட்சவ்வு அழற்சியுற்றுப் புண்ணாகி, குருதியும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நெடுநாள் நோய். சில காலம் அடங்கியிருந்து பின்னர் திடீரெனக் கிளர்ந்தெழுவது இதன் இயல்பு. கடுமையான கிளர்ச்சியின்போது நோயாளி மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு ஸ்டீரொய்ட் மருந்து பெறுவார். அது பயனளிக்காவிடின் விலைமிகுந்த உயிரியல் மருந்துகளோ பெருங்குடலை அகற்றும் சத்திரசிகிச்சையோ வேண்டிவரும். இந்நிலையில் உள்ளோரை இறுக மூடிய அறையொன்றில் இருத்தி, அமுக்கத்தை உயர்த்தி, தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்தால் ஸ்டீரொய்ட் மருந்தின் பயன் கூடுமா என்பதே ஆய்வாளர் எழுப்பிய வினா.

அவ்வாய்வுகளிற் பெரிதும் கையாளப்பட்ட அமுக்கம் 2.4 வளிமண்டலமாகும். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. எனவே, உலர்ந்த அறையில் படுத்திருக்கும் அந்நோயாளியின் உடல், கடலில் 14 மீற்றர் ஆழத்தில் இருக்கும் மனிதனின் உடல் தாங்கும் அமுக்கத்தையே தாங்குகின்றது. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து, களப்பும் கடலும் சந்திக்கும் இடத்தில் அமைந்த இறக்கக்கண்டியை ஒத்த கரையோரக் கிராமங்களிலிருந்து சங்குக்கும் கடலட்டைக்கும் கடலில் இறங்கும் சுழியோடிக்கு அந்த ஆழம் அன்றாட வேலைத்தலமாகும். ஒருவருக்கு மருந்தாகும் அமுக்கம் மற்றொருவருக்குத் தொழிலாகவும் நோயாகவும் இருப்பது தற்செயலன்று. அவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2

கடலடியில் உழைப்போரின் வரலாறு தமிழர்க்குப் புதியதன்று. கொற்கைத் துறையின் முத்தை மதுரைக்காஞ்சியும் அகநானூறும் போற்றுகின்றன. நெய்தல் நிலத்துக்குப் பெருமை சேர்த்த பொருளாக முத்து அங்கே இடம்பெறுகின்றது. ஆயின் அம்முத்தை எடுத்தவனின் உழைப்பு நிலைமை பற்றி நாம் அறிய வேண்டுமாயின் வேறிடம் செல்லவேண்டியுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் எரித்திரியக் கடற் பெரிப்ளுஸ் என்னும் கிரேக்க நூல், பாண்டி நாட்டின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் எனக் கூறுகின்றது. புலவனின் கண் முத்தின் ஒளியிற் பதிந்தது. அயல்நாட்டு வணிகனின் கண், வணிகத்துக்கு வேண்டிய தகவல் என்ற அளவிலேனும், உழைப்பின் தன்மையிற் பதிந்தது. நமது பண்டை இலக்கியத்தைப் பயில்வோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் தகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதி பற்றி எழுதிய மார்க்கோ போலோ, எடுத்த முத்திற் பத்திலொரு பங்கு அரசனுக்கும் இருபதிலொரு பங்கு சுறாவை மந்திரத்தாற் கட்டுவோருக்கும் சென்றதாகக் குறிப்பிடுகின்றார். பிரித்தானியர் ஆட்சியில், மன்னாரின் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் நடைபெற்ற முத்துக்குளிப்புகளில் எடுக்கப்பட்ட சிப்பியின் மூன்றில் இரண்டு பங்கை அரசு தனதாக்கிக் கொண்டது. எஞ்சிய ஒரு பங்கே கடலில் இறங்கியோருக்கு உரியதாயிற்று. 1906இல் இக்குளிப்புத் தொழில் முழுவதையும் 20 ஆண்டுக் குத்தகையாக இலண்டனில் அமைந்த தனியார் கம்பனி ஒன்றுக்கு அரசு வழங்கியது. ஆனால் 1907க்குப் பின்னர் சிப்பிப் படுகைகள் வறண்டன. கம்பனியும் சில ஆண்டுகளில் மூழ்கியது. பத்திலொரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை சென்ற இந்த வளர்ச்சியே, நிலவுடைமைக் கால இறைக்கும் காலனித்துவச் சுரண்டலுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

எனினும் இங்கு நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. இக்குளிப்பாளர் கல்லைக் காலிற் பற்றி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி, மேலே வந்தனர். செவிப்பறை கிழிவதும் சுறாவும் முகாம்களிற் பரவிய வாந்திபேதியும் அவர்களை வாட்டின. ஆனால் பிற்காலச் சுழியோடியை முடமாக்கிய அந்தக் குறிப்பிட்ட நோய் அவர்களிடையே பெரிதும் காணப்படவில்லை. காரணம் எளிது. மேற்பரப்பில் உள்ளிழுத்த ஒரே மூச்சோடு இறங்குபவனின் குருதியில் நோயை விளைவிக்குமளவுக்கு வாயு கரைவதில்லை. மூச்சின் எல்லையே அவனது வேலையின் எல்லையாக இருந்தது. இயற்கை விதித்த அந்த எல்லையை இயந்திரம் தகர்த்தபோதுதான் புதிய நோய் பிறந்தது.

3

அந்நோய் முதலிற் கடலில் தோன்றவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அது தோன்றிய இடம் நிலக்கரிச் சுரங்கமும் ஆற்றுப் பாலமும் ஆகும். பிரான்சில் லுவார் ஆற்றுப் படுகையின் கீழிருந்த நிலக்கரியை எடுக்க முயன்ற திரிஷே என்னும் பொறியியலாளர், 1839 அளவில், இரும்புக் குழாயினுள் அமுக்கக் காற்றைச் செலுத்தி நீரை வெளியே தள்ளி, தொழிலாளரை உள்ளே இறக்கும் முறையைக் கையாண்டார். வெளியே வந்த தொழிலாளர் சிலர் மூட்டுகளில் கடும் வலியுற்றதை 1841இல் அவரே பதிவு செய்தார். 1854இல் போல், வத்தெல் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள், ஆபத்து அமுக்கத்தினுட் செல்வதிலன்று, அதனை விட்டு வெளியேறுவதிலேயே உள்ளது என்றும், நோயுற்றவனை மீண்டும் அமுக்கத்தினுட் செலுத்தினால் வலி தணிகின்றது என்றும் எடுத்துக்காட்டினர். இன்றைய அமுக்க அறைச் சிகிச்சையின் வித்து இந்த அவதானிப்பிலேயே உள்ளது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் பின்னர் இரயில்வே முதலாளித்துவம் விரைந்து பரவியபோது பேராறுகளைக் கடக்கப் பாலங்கள் வேண்டப்பட்டன. அவற்றின் தூண்களுக்கு அத்திவாரமிட, அடிப்புறம் திறந்த பெரும் பெட்டிகளை ஆற்றடியில் இறக்கி, அமுக்கக் காற்றால் நீரை அகற்றி, உள்ளே மனிதரை மண் தோண்டச் செய்தனர். சென்ற் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது 1874இல் முடிவுற்ற ஈட்ஸ் பாலத்தின் பணியில் பன்னிருவருக்கு மேற்பட்ட தொழிலாளர் இந்நோயால் மாண்டனர். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலப் பணியிலே மருத்துவர் அன்ட்ரூ ஸ்மித் 110 நோயாளரைப் பதிவு செய்தார். தலைமைப் பொறியியலாளர் வொஷிங்டன் றோப்ளிங்கே 1872இல் முடமானார். பாலத்தின் வரலாற்றை எழுதியோர் றோப்ளிங்கின் துயரை விரிவாகக் கூறுவர். அதே ஆண்டு மே மாதத்தில் அப்பெட்டித் தொழிலாளர் கூடுதற் கூலி கோரி வேலைநிறுத்தம் செய்தனர் என்பது அத்தகைய விரிவைப் பெறுவதில்லை. அத்தொழிலாளர் தம் முதுகை வளைத்து முடக்கிய நோய்க்கு, அக்காலச் சீமாட்டிகள் நாகரிகமெனக் கருதிய வளைந்த நடையின் பெயரையே கேலியாகச் சூட்டினர். ஆங்கிலத்தில் இன்றளவும் வழங்கும் 'வளைவு' என்னும் நோய்ப்பெயர் அவ்வாறு வந்ததே. தொழிலாளியின் நகைச்சுவை மருத்துவச் சொல்லகராதியில் இடம்பெற்றது. அவனது பெயர் இடம்பெறவில்லை.

இயந்திரம் உழைப்பின் சுமையைக் குறைக்கவல்லதாயினும், முதலாளித்துவ உறவுகளின்கீழ் அது வேலைநாளை நீட்டும் கருவியாக மாறுகின்றது என மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற் பாகத்தில் விளக்கினார். அந்நூல் வெளியானது 1867இல். ஈட்ஸ் பாலத்தின் பெட்டிகள் அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆற்றில் இறங்கின. காற்றைச் செறிக்கும் இயந்திரம், ஒரு நிமிட மூச்சுக்குள் அடங்கிய நீரடி உழைப்பை மணிக்கணக்காக நீட்டியது. நீட்டப்பட்ட நேரத்தின் விலையை உழைப்பாளியின் நரம்பும் மூட்டும் செலுத்தின. மார்க்சின் கூற்றுக்கு இதனினும் துல்லியமான சான்று கிடைப்பது அரிது.

இனி, சிகிச்சை அறை எவ்வாறு வந்ததெனக் காண்போம். நோயுற்றோரை மீளவும் அமுக்கத்துக்கு உட்படுத்தும் தனி அறை வேண்டுமென ஸ்மித் பரிந்துரைத்தார். ஆயினும் புரூக்ளினில் அது அமைக்கப்படவில்லை. அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஏர்ணெஸ்ற் மொயர் என்னும் பொறியியலாளர். ஹட்சன் ஆற்றின்கீழ்ச் சுரங்கப்பாதை வெட்டும் பணியை 1889 அளவில் அவர் பொறுப்பேற்றபோது, அங்கு ஆண்டுக்கு நால்வரில் ஒருவர் என்ற விகிதத்தில் தொழிலாளர் இறந்துகொண்டிருந்தனர். மொயர் இரும்பாலான அமுக்க அறையை வேலைத்தலத்திலேயே நிறுவினார். அடுத்த 15 மாதங்களில் 120 தொழிலாளருள் இருவரே மாண்டனர். மொயரின் மனிதநேயத்தை ஐயுறவேண்டியதில்லை. ஆனால் நால்வரில் ஒருவர் சாகும் தலத்தில் வேலையைத் தொடர்வதும் இயலாதென்பதை மறத்தலாகாது. உழைப்புச் சக்தியைப் பழுதுபார்த்து மீண்டும் உற்பத்தியில் ஈடுபடுத்தும் கருவியாகவே அமுக்க அறை பிறந்தது. வேலைநேரத்துக்குச் சட்ட வரம்பு 1909இலேயே நியூயோர்க் மாநிலத்தில் விதிக்கப்பட்டது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரான்சில் வசதிபடைத்தோர் உடல்நலம் பேண அமுக்கக் காற்றுக் குளியல் எடுத்தனர். லியோன் நகரில் பிராவாஸ் என்பார் அத்தகைய அறையை 1830களிலேயே அமைத்திருந்தார். ஒரே காற்று, ஒரே அமுக்கம். ஒரு வர்க்கத்துக்கு அது பொழுதுபோக்கும் மருந்தும். மற்றொரு வர்க்கத்துக்கு முடமும் மரணமும்.

4

நோயின் காரணத்தை விஞ்ஞான ரீதியாக நிறுவியவர் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர் ஆவார். 1878இல் வெளியான தமது பெருநூலில், அமுக்கத்தின்கீழ் குருதியிலும் இழையங்களிலும் கரையும் நைதரசன், அமுக்கம் விரைந்து குறையும்போது குமிழிகளாக வெளிப்பட்டுக் குருதியோட்டத்தைத் தடுக்கின்றது என அவர் காட்டினார். சோடாப் போத்தலைத் திறக்கும்போது குமிழிகள் எழுவதை ஒத்தது இது. உயரமுக்கத்தில் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பை விளைவிக்கும் என்பதும் அவர் கண்ட உண்மையே. மருந்தின் அளவு நஞ்சின் அளவுக்கு அண்மையில் உள்ளது என்னும் எச்சரிக்கை, இச்சிகிச்சையின் தொடக்கத்திலேயே விடுக்கப்பட்டதொன்றாகும்.

பிரித்தானியக் கடற்படையின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த ஜோன் ஸ்கொட் ஹால்டேன், 1908இல், சுழியோடி படிப்படியாக நின்று மேலேறவேண்டிய கால அட்டவணைகளை வெளியிட்டார். ஆடுகளை அமுக்க அறையில் இட்டுப் பெற்ற அறிவு அது. பேரரசின் கப்பற்படைக்காகத் தோன்றிய அவ்வட்டவணையே, திருத்தங்களுடன், பிற்காலச் சுழியோடிகள் அனைவருக்கும் அடிப்படையாயிற்று.

அவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேனின் பணி வேறொரு சூழ்நிலையில் நிகழ்ந்தது. 1939 யூன் 1ஆம் நாள் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பலான தீற்றிஸ் வெள்ளோட்டத்தின்போது மூழ்கி 99 பேர் மாண்டனர். அவர்களுட் கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளரும் இருந்தனர். தம் உறுப்பினரை இழந்த தொழிற்சங்கங்கள் ஹால்டேனை அணுகின. மார்க்சியவாதியான அவர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் சர்வதேசப் படையணியிற் போரிட்ட தோழர்களைத் துணைகொண்டு, தம்மையே பரீட்சைப் பொருளாக்கி அமுக்க அறையில் அமர்ந்தார். உயரமுக்க ஒட்சிசன் தந்த வலிப்பினால் அவரது முதுகெலும்பு பாதிப்புற்றது. பின்னர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். தந்தையின் ஆய்வைக் கோரியது கடற்படை. மகனின் ஆய்வைக் கோரியவை தொழிற்சங்கங்கள். ஒரே குடும்பத்தில், ஒரே துறையில், விஞ்ஞானத்தைப் பணிக்கும் சமூக சக்தி மாறியபோது வினாக்களும் மாறின. விஞ்ஞானத்தின் வர்க்கச் சார்பு பற்றிய விவாதத்துக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

5

வேலைத்தலத்திலும் கப்பற்படையிலும் வளர்ந்த அமுக்க அறை மருத்துவமனைக்குள் நுழைந்த வரலாறு நேர்கோடாகச் செல்லவில்லை. 1928இல் அமெரிக்காவின் கிளீவ்லன்டில் கனிங்ஹாம் என்னும் மருத்துவருக்காகச் செல்வந்தத் தொழிலதிபர் ஒருவர் ஐந்து மாடி கொண்ட உருக்குக் கோளம் ஒன்றைக் கட்டினார். நீரிழிவு முதல் புற்றுநோய் வரை அமுக்கக் காற்றால் தீரும் என்ற நம்பிக்கையில் எழுந்த அதற்கு மருத்துவச் சான்று எதுவும் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்பாயிற்று. சான்றற்ற நம்பிக்கையும் மூலதனமும் சேர்ந்தால் விளைவது என்ன என்பதற்கு அக்கோளம் ஒரு நினைவுச் சின்னம்.

மறுதிருப்பம் 1960இல் வந்தது. அம்ஸ்ரடாமின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பூரமா, குருதியின் செங்கலங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்ட பன்றிகளை, 3 வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து உயிர்வாழ வைக்கலாம் என நிறுவினார். சாதாரண காற்றில் 100 மில்லிலீற்றர் குருதியின் திரவப் பகுதியில் 0.3 மில்லிலீற்றர் ஒட்சிசனே கரைந்திருக்கும். 3 வளிமண்டலத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கையில் இது ஏறத்தாழ 6 மில்லிலீற்றராக உயர்கின்றது. ஓய்வாக உள்ள உடலின் தேவைக்கு இது போதுமானது. இதனடியாகவே வாயு அழுகல், காபனோரொட்சைட்டு நஞ்சேற்றம், ஆறாத நீரிழிவுப் புண் ஆகியவற்றுக்கு இம்முறை பயன்படலாயிற்று.

பெருங்குடற் புண்ணழற்சி இவ்வரிசையில் பிந்தி வந்தது. 1859இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதனைப் பிற வயிற்றுளைவுகளினின்றும் வேறுபடுத்தி விவரித்தார். வயிற்றுளைவு பரவியிருந்த எமது நாடுகளில் இவ்வேறுபாடு எளிதிற் புலப்படாது போனமை வியப்பன்று. சுவீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வாட்ஸ் அம்மையார் உருவாக்கிய சல்பாசலசீன் 1940களில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒக்ஸ்போட்டில் ட்றூலவ், விற்ஸ் ஆகியோர் 1955இல் வெளியிட்ட பரிசோதனை, கோட்டிசோன் மருந்து கடும் கிளர்ச்சியின்போது உயிர்காப்பது என நிறுவியது. எனினும் ஸ்டீரொய்ட் மருந்துக்கு இணங்காதோர் எக்காலத்தும் இருந்தனர்.

அழற்சியுற்ற குடற்சவ்வு ஒட்சிசன் குறைபாட்டுக்கு உள்ளாகின்றது. ஒட்சிசன் குறைவைக் கலங்கள் எவ்வாறு உணர்ந்து தம்மைச் சரிசெய்கின்றன என்பதை விளக்கியோருக்கே 2019இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமுக்க அறையின் ஒட்சிசன் இக்குறையை ஈடுசெய்வதோடு, புண்ணை ஆற்றும் கலச் செயல்களைத் தூண்டக்கூடும் என்பது எடுகோள். 2013இல் வெளியான சுவீடிய ஆய்வு பயனெதனையும் காணவில்லை. 2018இல் துலாய் முதலானோர் அமெரிக்காவில் வெளியிட்ட பரிசோதனையில், கிளர்ச்சியுற்று மருத்துவமனையிற் சேர்ந்து ஸ்டீரொய்ட் பெற்ற 18 நோயாளருள் 10 பேர் உண்மையான அமுக்கச் சிகிச்சையும் 8 பேர் போலி அமுக்கமும் பெற்றனர். ஐந்தாம் நாளில் முன்னவருள் ஐவரின் நோய் அடங்கியது; பின்னவருள் எவருக்கும் அடங்கவில்லை. அடுத்த நிலை மருந்தோ சத்திரசிகிச்சையோ வேண்டியோர் முன்னவருள் ஒருவர், பின்னவருள் ஐவர்.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் 18 பேர் என்பது மிகச் சிறு தொகை. போதிய நோயாளர் சேராமையால் அப்பரிசோதனை முற்கூட்டியே நிறுத்தப்பட்டது. இம்முறை குடல்நோய்க்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை. ஸ்டீரொய்ட் மருந்துக்கு மாற்றாகவன்றி, அதனோடு சேர்க்கும் துணையாகவே இது ஆராயப்பட்டது என்பதும் கவனித்தற்குரியது. ஒட்சிசன் நிறைந்த அறையில் ஒரு தீப்பொறி போதும்: 1997இல் மிலான் நகரில் 11 பேர் எரிந்து மாண்டனர், 2025இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குழந்தை மாண்டது. இளமை பேணல் தொடக்கம் எதற்கும் ஒட்சிசனை விற்கும் வணிக நிலையங்கள் பல நாடுகளிற் பெருகியுள்ள இன்று, கிளீவ்லன்டின் உருக்குக் கோளத்தை நினைவுகூர்வது நன்று. சான்றை மிகைப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் துரோகமாகும்.

6

இனித் திருகோணமலைக்கு வருவோம். இத்துறைமுகம் அதன் மக்களுக்காக அன்றி, கடலாதிக்கப் போட்டிக்காகவே நெடுங்காலம் மதிக்கப்பட்டது. 1795இல் இதனைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீசியபோது தாக்குண்ட சகேங் என்னும் கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மேலே கொணர்ந்தனர். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுயசுவாசக் கருவியுடன் கோணேசர் மலையடியில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்களைக் கண்டனர். இக்கடலில் அக்கருவி தொடக்கத்திற் சாகசத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரியதாயிருந்தது. கரையோர மீனவனின் கைக்கு அது வந்தபோதோ அதன் சமூகப் பொருள் மாறியது.

கிழக்கிலும் வடக்கிலும் சங்கையும் கடலட்டையையும் எடுப்போர் இன்று காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் கட்டி இறங்குகின்றனர். கடலட்டை உள்ளூரில் உண்ணப்படுவதன்று. சிங்கப்பூர், ஹொங்கொங், சீனச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாவது. விலையை நிர்ணயிப்பது அச்சந்தை. படகும் இயந்திரமும் சிலிண்டரும் முதலீடு வேண்டுவன. அதனை இடுவோருக்கும் கொள்வனவாளருக்கும் போக எஞ்சுவதே சுழியோடியின் பங்கு. ஆழங்குறைந்த இடங்களில் வளம் குன்றக் குன்ற, அவன் மேலும் ஆழத்துக்கு, மேலும் பல தடவை, நாளொன்றுக்குப் பல சிலிண்டர்களுடன் இறங்க நேர்கின்றது. ஹால்டேனின் அட்டவணை கூறும் தரிப்புகளுக்குச் சிலிண்டரிலே காற்றும் மீதியில்லை. சந்தையிலே பொறுமையும் இல்லை. கடலின் வளக்குறைவு இவ்வாறு உழைப்பாளியின் முள்ளந்தண்டிற் குமிழியாகத் தோன்றுகின்றது. இந்நோயை அவனது கவனக்குறைவின் விளைவெனக் கொள்வது, மிசிசிப்பி ஆற்றடியில் மாண்டவரைக் குடிகாரரெனக் குறைகூறியதை ஒத்ததாகும்.

நோய் தாக்கியதும் சுழியோடிகள் பலர் மீண்டும் கடலில் இறங்கி வலியைத் தணிக்க முயல்கின்றனர். போலும் வத்தெலும் கண்ட உண்மையையே அனுபவத்தால் அறிந்தவர் அவர்கள். ஆயின் அறையும் ஒட்சிசனும் மருத்துவரும் இன்றி நீரில் அதனைச் செய்வது உயிராபத்தானது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அமுக்க அறை உண்டு. மீனவர்களும் அதிற் சிகிச்சை பெற்று வந்துள்ளனர். அது நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஆனால் மக்களுக்கு உரிமையாக வேண்டிய மருத்துவம் படைத்தளத்தின் வாயிலுக்கு அப்பால் இருப்பதன் பொருளை, 1983 தொடக்கம் 2009 வரையான போர்க்காலத்தைக் கண்ட இக்கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடலில் இறங்கவும் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்த காலம் அது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இதே கரையைத் தாக்கியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கிராமங்களில் இன வேறுபாடு பாராது பொதுவாக உள்ளவை கடலும் அதன் ஆபத்துமே.

இறக்கக்கண்டியில் ஒருவருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி கிளர்ந்தெழுமாயின் அவருக்கு முதலில் வேண்டியவை உரிய காலத்திற் குடலகநோக்கிப் பரிசோதனை, தடையின்றிக் கிடைக்கும் ஸ்டீரொய்ட், தேர்ந்த வைத்தியர் ஆகியவை. இலங்கையில் இந்நோய் மேலை நாடுகளைவிடக் குறைவென 2010இல் கொழும்பு, கம்பகா மாவட்டங்கள் பற்றி வெளியான ஆய்வு காட்டிற்று; ஆயின் ஆசிய நாடுகளில் இது பெருகி வருகின்றது. அமுக்க அறை இந்நோய்க்கு உறுதியான துணை என நாளை நிறுவப்படலாம், நிறுவப்படாமலும் போகலாம். ஆனால் திருகோணமலையின் பொது மருத்துவமனையில் பயிற்சி பெற்றோருடன் கூடிய அமுக்க அறை ஒன்று அமையுமாயின், அது சுழியோடியின் நோய்க்கும் நீரிழிவுப் புண்ணுக்கும் பயன்படும். குடல்நோய் பற்றிய மெய்யான பரிசோதனைக்கும் அங்கே இடமிருக்கும். ஆய்வுக்காகவன்றி முதலில் மக்களுக்காக அமையும் நிறுவனமே ஆய்வையும் வளர்க்கும்.

இலக்கிய மாணவன் என்ற முறையில் இறுதியாக ஒன்று கூறவேண்டும். நெய்தற் பாடல்களில் முத்தின் ஒளியே மேலோங்கியது. நவீன இலக்கியத்தில் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் 'தோணி'யில் வறிய கடற்றொழிலாளர் வீட்டுச் சிறுவனின் கனவை எழுதினார். தமிழகத்தில் ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய நாவல்களில் பரதவர் வாழ்வை விரித்தார். சிலிண்டருடன் இறங்கி, கால் மரத்துக் கரை சேரும் சுழியோடிக்கு அத்தகைய இடம் இன்னும் வாய்க்கவில்லை. பெட்டித் தொழிலாளரும் கப்பற்றளத் தொழிலாளரும் தம் உடலாற் சேர்த்த அறிவே இன்று குடல்நோயாளியின் படுக்கைவரை வந்துள்ளது. அவர்களின் வாரிசாகக் கடலில் இறங்கும் இறக்கக்கண்டிச் சுழியோடிக்கு அவ்வறிவின் பயனில் முதலுரிமை உண்டு. அவ்வுரிமை நிலைநாட்டப்படும்வரை அமுக்க அறையின் வரலாறு முற்றுப்பெற்றதாகாது.